மூணு ஸ்டாப் வித்தியாசம்

"ஆறு நாளா தெனம் சாயங்காலம் கேமராவோட வந்து நிக்கிற. நாங்க மறிச்ச ரோட்டப் படம் புடிச்சி போலீசுக்குக் குடுக்கப் போறியா?"

கோமுகி அணைக்கரையில் நின்ற பவுலின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மலைக்குப் பின்னால சூரியன் எறங்கப் போவுதுண்ணே. அஞ்சி நிமிசம் சும்மா இருங்க."

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்துக்காக ரோட்டிலேயே கிடக்கும் செல்லமுத்துவுக்குச் சுருக்கென்றது. கூட வந்தவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

வெளிச்சம் அளக்கும் மீட்டரை அவள் முதலில் வானத்துக்குக் காட்டினாள், பிறகு தண்ணீருக்கு. தண்ணீரில் வெளிச்சம் மூணு ஸ்டாப் கம்மி; ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும். வானத்தின் வெளிச்சத்தை மட்டும் குறைக்க, மேல்பாதி கறுப்பாக இருக்கும் ஃபில்டரை லென்சில் மாட்டி, கறுப்பு முடியும் இடத்தை மலைமுகட்டோடு பொருத்தினாள். நிறம் கூட்ட ஆரஞ்சு ஃபில்டர் வேண்டாம், வானத்தின் நிறமே போதும். 'டிக்.' நோட்டில் அளவை எழுதிக்கொண்டாள்.

"பிலிம் ரோலக் குடு! இல்லன்னா கேமராவத் தண்ணியில வீசிடுவேன்."

பவுலின் நிதானமாகக் கேமராவின் பின்மூடியைத் திறந்து செல்லமுத்துவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். உள்ளே ஒன்றுமே இல்லை.

"ரோல் மெட்ராஸ்லேர்ந்து வரணும்ண்ணே. நீங்க பஸ்ஸ வுட்டாத்தானே?"

"அப்ப ஆறு நாளா இன்னாத்தப் புடிச்ச?"

"பழகிக்கினு இருக்கேன். வந்தா ஒரே ரோல்தான் கெடைக்கும். அன்னிக்கு அளவு தப்பக் கூடாதில்ல?"

செல்லமுத்து அந்த வெறும் கேமராவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"நாளைக்கும் வருவியா?"

"நீங்க வருவீங்களா?"

"கேட்டது கெடைக்கிற வரைக்கும் வருவோம்."

பவுலின் மூடியைப் படக்கென்று சாத்தினாள்.

"நானும்தாண்ணே."