பெட்ரோல் பூட்டு

புளியமர வளைவைத் தாண்டியதும் வண்டி மறுபடியும் நின்றுவிட்டது.

"சரி தம்பி, நாளைக்கு மதுரைக்கு ஏத்தி விட்டுர வேண்டியதுதான்" என்றார் பீர் முகமது பாய்.

எனக்குச் சுருக்கென்றது. திண்டுக்கல் ரயிலடியில் ஞானதாஸ் என்று ஒருத்தன் ஷெட் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் கை பட்ட வண்டி மதுரைக்குப் போவதா? அதற்கு நான் ஸ்பேனரையெல்லாம் கிணற்றில் போட்டுவிட்டுப் பணியாரம் விற்கப் போகலாம்.

பாய் பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருப்பவர். சாணார்பட்டிப் பக்கத்து ஊர்களில் தோல் எடுக்க வண்டித்தடத்திலும் ஓடை மணலிலும் ஓட்டுவதற்கென்றே, பட்டாளத்து ஏலத்தில் வந்த பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளை வாங்கியிருந்தார்.

ஒரு மாதமாக அதற்கு ஒரே வியாதி. இரண்டு மைல் பிய்த்துக்கொண்டு ஓடும். அப்புறம் பெட்ரோல் எட்டாமல் இருமி இருமி அடங்கிவிடும்.

கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதினேன். பெட்ரோல் குழாயை மாற்றினேன். டாங்கியை இறக்கிக் கழுவினேன். ஷெட்டில் வைத்து முடுக்கினால் தெருவே அதிர்ந்தது. ரோட்டுக்கு வந்தால் மானத்தை வாங்கியது.

அதனால்தான் இன்று நானே பின்னால் ஏறி வந்தேன்.

பாய் இடுப்புப் பச்சை பெல்ட்டிலிருந்து சாவியை எடுத்தார். டாங்கி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். பெட்ரோல் பாதிக்கு மேல் கிடந்தது. பூட்டிவிட்டு மிதித்தார். வண்டி உடனே பிடித்துக்கொண்டது.

மண்டி வாசலில் எவனோ பெட்ரோலை உறிஞ்சுகிறான் என்று பழைய மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, நாகல்நகர் ராயப்பராஜிடம் சொல்லிப் பாய் செய்து வாங்கிய பித்தளைப் பூட்டு மூடி அது. ராயப்பராஜ் பூட்டு என்றால் சும்மாவா. கள்ளச்சாவி போட்டவனுக்குக் கை வலிதான் கண்ட பலன்.

நான் அந்தத் தெருப்பக்கமே போவதில்லை.

சாணார்பட்டி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வண்டி மறுபடியும் நின்றது. பாயின் கை பெல்ட்டுக்குப் போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுஷன் ஒவ்வொரு தடவையும் திறந்து பார்த்த பிறகுதான் மிதிக்கிறார்.

"பாய், திறக்காதீங்க. செத்த நேரம் சும்மா இருங்க."

நான் மிதித்தேன். ஊஹூம். கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும் வரை மிதித்தேன். பெட்ரோல் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

"இப்பத் திறங்க."

மூடியில் காதை வைத்தேன். சாவி திரும்பியதும் டாங்கி ஸ்ஸென்று மூச்சை உள்ளே இழுத்தது. என் கையிலிருந்த குழாயில் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டு வந்து வேட்டியை நனைத்தது.

நான் நடுரோட்டில் நின்று சிரித்தேன்.

எண்ணெய் டின்னில் கடைக்காரன் ஏன் இரண்டு ஓட்டை போடுகிறான்? ஒன்றில் காற்று உள்ளே போனால்தான் மற்றதில் எண்ணெய் வெளியே வரும். பழைய மூடியில் அதற்கென்று ஒரு துளை இருந்திருக்கும். ஷெட்டில் நான் வேலை பார்த்தபோதெல்லாம் மூடி திறந்தே கிடந்தது. இந்தப் புது மூடியில், தோல் வாஷர் வைத்து இழைத்திருந்த இழைப்பில், காற்றுக்குக்கூட வழியில்லை.

என்ன கை அது!

"ஒங்கிட்டத்தான் டிரில் இருக்குல்ல, ஒரு ஓட்டையப் போட்டு விடு" என்றார் பாய்.

அந்தப் பூட்டில் நான் டிரில் வைப்பதா? செய்தவர் கையால்தான் போட வேண்டும் என்று சொன்னேன். பாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அப்ப நீயே போய்ச் சொல்லு. அவருகிட்டப் போயி ஓட்டைங்கிறதுக்கு எனக்கு உசுரு ரெண்டு கிடையாது."

மதியம் நாகல்நகர் பட்டறைக்குள் நுழைந்தேன். அரம் போடுகிற சத்தமெல்லாம் ஒன்றொன்றாக நின்றது. மூடியை ராயப்பராஜிடம் நீட்டி, இதில் ஒரு துளை வேண்டும் என்றேன்.

"எம் பூட்டுலயா?"

"வண்டிக்குப் பெட்ரோல் இறங்கல. ஒங்க பூட்டு காத்தக்கூட உள்ள விடமாட்டேங்குது. ஒரு மாசமா என்னையே ஏமாத்திருச்சு."

அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, எம்புட்டுப் பெருசு என்று என்னைக் கேட்டார். ஊசி போனால் போதும் என்றேன். எங்கே என்று கேட்டார். தண்ணீர் தேங்காத ஓரத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

நான் காட்டிய இடத்திலேயே துளைத்தார். பித்தளைத் தூளை வாயால் ஊதிவிட்டு மூடியைத் திருப்பித் தந்தார்.

பூட்டு வாங்க வந்திருந்த நிலக்கோட்டைக்காரர் ஒருவர், இது யார் என்று விசாரித்தார்.

"காத்து நுழையாத பூட்டு நான் செஞ்சேன். அதக் கண்டுபிடிச்சவன் இவன்" என்றார் ராயப்பராஜ், பட்டறைக்கே கேட்கும்படி. "எம் மவன். மோட்டார் மெக்கானிக்."

மோட்டார் வேலைக்குப் போகிறேன் என்று நான் அந்தப் படியை விட்டு இறங்கிய அன்றைக்கு, எனக்கு மகனே கிடையாது என்று சொன்ன மனுஷன்.