ஏழு மாதக் கைக்குழந்தை

புதன்கிழமை, தடுப்பூசி நாள். கைக்குழந்தைகளோடு காத்திருந்த தாய்மார்களுக்கு நடுவே தமயந்தி வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் சோர்ந்து தெரிந்தன.

"பேரப்புள்ளைய எங்கக்கா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"ஊசி எனக்குத்தான்."

"உங்களுக்கா? என்ன வயசு?"

"ஏழு மாசம்."

அவள் சிரித்தாள். தமயந்தியும் கொஞ்சம் சிரித்தாள். நிணநீர்ப் புற்றுநோய் திரும்பாமலிருக்க அவளுடைய ஸ்டெம் செல்களையே எடுத்து வைத்து, கடும் மருந்தால் எலும்பு மஜ்ஜையைச் சுட்டெரித்து, மறுபடி உள்ளே செலுத்தி ஏழு மாதமாகிறது. சிறுவயதில் போட்ட ஊசிகளையெல்லாம் உடம்பு மறந்துவிட்டது. எல்லாம் முதலிலிருந்து.

முறை வந்ததும் நர்ஸ், ஊசியைப் பார்த்தபடியே, "காலை நல்லாப் புடிச்சுக்கோங்கம்மா" என்றாள். நிமிர்ந்து பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டு கையில் போட்டாள். அட்டையில் அடுத்த தேதியை எழுதினாள்.

"கடைசிக் கட்டத்துலயும் தேதி எழுதிடுங்களேன் சிஸ்டர். தட்டம்மை ஊசி."

"அது செல் ஏத்தி ரெண்டு வருஷம் முடிஞ்சு. நோய் திரும்பலன்னு பெரிய டாக்டர் எழுதிக் குடுத்தாத்தான் போடுவோம்."

அடுத்து, பக்கத்தில் இருந்த அந்தப் பெண் குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். "இவனுக்குத் தட்டம்மை எப்ப சிஸ்டர்?"

"ஒம்பதாம் மாசம்." நர்ஸ் நாட்காட்டியைப் பார்த்து உடனே தேதியை எழுதிக் கொடுத்தாள்.

தமயந்தி பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். ரத்தம் எப்போதோ நின்றிருந்தது.