'மு' இல்லாத பெயர்

"பாஞ்சாலை, நீ தள்ளி நில்லு. உனக்கு மாத்திரை கெடையாது."

ரைட்டர் சக்கரபாணி தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார். ரைஸ் மில் களத்தில் வரிசையாக நின்ற மற்ற நாற்பத்தியொரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

1994, புரட்டாசி மாதம். வடக்கே பிளேக் என்று பேப்பரில் வந்ததும், திருவண்ணாமலைக்கு நோய் வருவதற்கு முன்னால் பயம் வந்து சேர்ந்துவிட்டது. மருந்துக் கடைகளில் அதற்கான மாத்திரையே இல்லை. போதாக்குறைக்கு, மில்லில் நெல் மூட்டைகளுக்கு நடுவே நாலு எலி செத்துக் கிடந்தன.

சுகாதார டாக்டர் வந்து பார்த்தார். பௌர்ணமிக் கூட்டம் வருவதற்குள் மில் ஆட்கள் எல்லோரும் மாத்திரை சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்றார். எப்படிக் கொடுப்பது, யாருக்கு ஆகாது என்று ரைட்டருக்குக் கால் மணி நேரம் பாடம் நடத்திவிட்டு, டப்பாவை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

சக்கரபாணி கறார் ஆசாமி. வருகைப் பதிவேடு அவர் கையில். வேலைக்கு வந்தால் 'வ'. லீவு என்றால் 'லீ'. மாதத்தில் மூன்று நாள் பெண்கள் களத்தில் கால் வைக்கக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. அந்த நாட்களுக்கு 'மு'. தலை முழுகும் நாள் என்பதன் சுருக்கம்.

"இதையெல்லாமா ஒரு ஆம்பிளை எழுதி வெப்பான்?" என்று பெண்கள் அவரைக் கரித்துக் கொட்டுவார்கள்.

மாத்திரைக்கும் லிஸ்ட் போட்டுவிட்டார். ஐந்து நாள். காலையில் யார் யார், சாயங்காலம் யார் யார். வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. அவர் கண்ணெதிரே முழுங்க வேண்டும். முழுங்கியவர் பெயருக்கு எதிரே 'மு'.

"பாருடி, இன்னைக்கு ஆம்பிளைங்களுக்கும் 'மு' போடறாரு!" என்றாள் எல்லம்மாள். அந்தப் பயத்திலும் பெண்கள் சிரித்தார்கள்.

பாஞ்சாலை சிரிக்கவில்லை. அடி அண்ணாமலையிலிருந்து தினம் நடந்து வருகிறவள். செத்த எலிகளை முறத்தில் வாரிக் கொட்டியதே அவள்தான்.

"ரைட்டரய்யா, எலிய வாரனது நானுங்க. எனக்கு எதுனா ஆயிட்டா? மாத்திரை கம்மியா இருக்குதுங்களா?"

"ஜாஸ்தியாவே இருக்குது. உனக்கு இல்ல. அடுத்த ஆளு வா."

பாஞ்சாலை அழ ஆரம்பித்தாள். மூட்டை தூக்கும் மணிவேலுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. தனக்குக் கொடுத்த மாத்திரையைக் கொண்டுபோய் அவள் கையில் வைத்தான்.

"இந்தா அக்கா, நீ போட்டுக்க. எனக்கு ஒண்ணும் ஆவாது."

நல்ல மனசு. அவள் அதை வாயருகே கொண்டுபோனாள். உட்கார்ந்திருந்த சக்கரபாணி எப்படித்தான் எழுந்து வந்தாரோ, அவள் கையைத் தட்டிவிட்டார். மாத்திரை உருண்டு தவிட்டுக்குள் போய் விழுந்தது.

"மனுஷனாய்யா நீ?" என்று கத்தினான் மணிவேல்.

அவர் பாஞ்சாலை பக்கம் குனிந்து ஏதோ முணுமுணுத்தார். அவள் அழுகையை நிறுத்தி, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். மிரட்டியிருப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"நாளைலேருந்து நீ வெயில்ல நெல்லு கிளற வேணாம். உள்ள உக்காந்து கல்லு பொறுக்கு" என்றார் சத்தமாக.

மாத்திரையும் இல்லை, மேலே தனியாக ஒதுக்கி வைக்கிற தண்டனை வேறா? மணிவேலுக்கு ரத்தம் கொதித்தது. மேஜை மேலிருந்த லிஸ்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு முதலாளி இராமலிங்கத்தின் அறையைப் பார்த்து நடந்தான்.

"டேய், வேணாம்டா! அத மொதலாளிகிட்ட காட்டாதடா. உன்ன கெஞ்சிக் கேக்கறேன்!"

ரைட்டர் பின்னாலேயே ஓடி வந்தார். அவர் கெஞ்சி அந்த மில்லில் யாரும் பார்த்ததில்லை. குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயப்படுகிறார், படட்டும் என்று நினைத்துக்கொண்டே கதவைத் தள்ளினான் மணிவேல்.

"மொதலாளி, இந்த லிஸ்ட கேளுங்க. பாஞ்சாலைக்கு..."

"பாஞ்சாலைக்கு இன்னா?" முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

படித்துக் காட்ட லிஸ்டைப் பிரித்தான். வரிசையாக 'மு', 'மு', 'மு'. பாஞ்சாலை பெயருக்கு எதிரே மட்டும் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு.

"டாக்டரிடம் கேட்க: மூணு மாசமா 'மு' இல்லை. இந்த மாத்திரை ஆகாது. வேறு மருந்து."

மாத்திரை வந்ததே இன்றைக்குத்தான். அதென்ன மூணு மாசம்?

மணிவேலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது முழுங்குகிற 'மு' இல்லை. பதிவேட்டு 'மு'. பாஞ்சாலை முழுகாமல் இருக்கிறாள்! வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாத மாத்திரையையா அவள் கையில் வைத்தான்?

போன வருஷம் வயிறு தெரிந்த அன்றைக்கே அவன் மனைவி கஸ்தூரியை, "நாளைலேருந்து வராதம்மா" என்று முதலாளி வேலையை விட்டு நிறுத்தியது இதே அறையில்தான்.

வாசலில் சக்கரபாணி மூச்சு வாங்க நின்றிருந்தார். அவர் கண்ணைப் பார்க்க மணிவேலுக்கு வெட்கமாக இருந்தது.

"இன்னாடா முழிக்கிற? பாஞ்சாலைக்கு இன்னா?"

மணிவேல் லிஸ்டை நாலாக மடித்தான்.

"ஒண்ணும் இல்லீங்க மொதலாளி. பாஞ்சாலைக்கும் 'மு' போட்டாச்சுன்னு சொல்ல வந்தேன்."