ஐந்தாவது தாழி

"இந்த வண்டியில குடிக்காம வர்றது ரெண்டே பேரு. ஒண்ணு டிரைவர், இன்னொண்ணு நீ" என்றாள் குலிகோ.

தலைநகர் திபிலிசியில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நெஸ்தானின் பக்கத்து இருக்கையில் காலையிலிருந்து பேசிக்கொண்டே வந்தாள். ஒரு நாள் சுற்றுலா. வண்டியில் பதினொரு பேர், எல்லாரும் ஒருவருக்கொருவர் புதியவர்கள். மலைமேல் பழைய மடாலயம், பள்ளத்தாக்கில் அருவி, வழியில் ஒயின் செய்யும் இரண்டு வீடுகள் எல்லாம் முடிந்திருந்தன. அந்த இரண்டு வீடுகளிலும் நெஸ்தான் தன் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"வயித்துக்கு ஆகாதா?"

"கடைசி வீட்டுல குடிக்கிறேன், டீச்சர்."

"அதுக்குள்ள நாங்கல்லாம் தரையில கிடப்போம். உன்கூடக் கோப்பையை மோத யாரு இருப்பா?"

முன்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நெஸ்தானும் சிரித்து வைத்தாள். கடைசி வீடு அவள் பிறந்த வீடு என்பதை யாரிடமும் சொல்லவில்லை. தனியாக வந்தால் கதவைத் தட்ட வேண்டும், யார் என்று சொல்ல வேண்டும். கூட்டத்தோடு வந்தால் உள்ளே போன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இந்தச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியிருந்தாள்.

அவள் பிறந்த இலையுதிர் காலத்தில், அந்த வருடத்துத் திராட்சையை நிலவறைத் தரையில் புதைத்திருந்த ஒரு தாழியில் ஒயினுக்காக நிரப்பி, வாயைக் களிமண்ணால் மூடினார் அப்பா அம்ப்ரோசி. மகளின் கல்யாணத்தன்று திறப்பதற்கு. அவளுக்கு இருபத்திரண்டு வயதானபோது, ஏற்கெனவே ஒரு முறை மணமாகிப் பிரிந்த தோர்னிகேயைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னாள்.

"அவனைக் கட்டிக்கிட்டா அந்தத் தாழியை நான் தொடக்கூட மாட்டேன்" என்றார்.

அவள் திபிலிசிக்குப் போய்ப் பதிவு அலுவலகத்தில் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்துப் போட்டாள். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஊரிலிருந்து வந்த எந்த அழைப்பையும் எடுக்கவும் இல்லை. பன்னிரண்டு வருடம் அப்படியே போயிற்று. கடந்த குளிர்காலத்தில் அப்பா இறந்தார். செய்தி அவளுக்கு எட்டும்போது நாற்பதாம் நாள் சடங்கும் முடிந்திருந்தது.

இனி செய்ய முடிந்தது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தத் தாழியைத் திறக்கச் சொல்லி ஒரு பாட்டில் ஒயின் வாங்க வேண்டும். கல்லறையில் ஊற்றி, கல்யாணம் ஆகிவிட்டது என்று அவரிடம் சொல்ல வேண்டும். காலி பாட்டில் ஒன்று பையில் இருந்தது.

"உங்கப்பா இருக்காரா?" என்று குலிகோ கேட்டாள்.

"குளிர்காலத்துல போயிட்டார்."

"உன் கல்யாணத்தைப் பார்த்துட்டுத்தானே போனார்?"

நெஸ்தான் ஜன்னலைப் பார்த்தாள். கொடிகளில் பாதி அறுவடை முடிந்திருந்தது.

கடைசி வீட்டு வாசலில் அவர்களை வரவேற்றவள் பிக்ரியா, நெஸ்தானின் சித்தப்பா மகனுடைய மனைவி. நெஸ்தான் ஊரை விட்டுப் போன பிறகு அந்த வீட்டுக்கு வந்தவள் என்பதால் முகம் தெரியாது. முற்றத்தில் காய்ந்த திராட்சைக் கொடிகளை எரித்து இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் நிலவறை, பிறகு சாப்பாடு என்று சொல்லி பிக்ரியா எல்லாரையும் படி இறக்கிக் கூட்டிப் போனாள்.

தரையில் எட்டுத் தாழிகளின் வாய்கள். வடக்குச் சுவரை ஒட்டியது ஐந்தாவது. நெஸ்தானின் கால்கள் தாமாகவே அதனருகில் போய் நின்றன. மற்றவற்றின் வாயில் ஈரக் களிமண் பூசியிருந்தது. இதன்மேல் ஒரு பலகை, பலகைமேல் அக்ரூட் கூடை.

சொல்லிவிட வேண்டியதுதான். அவள் வாயைத் திறப்பதற்குள் குலிகோ முந்திக்கொண்டாள்.

"இதுல மட்டும் ஏம்மா கூடை?"

"அது காலிங்க. பன்னெண்டு வருஷமா காலி."

நெஸ்தான் கையிலெடுத்த பாட்டிலை மறுபடி பைக்குள் தள்ளினாள். அப்படியென்றால் அவள் ஊரை விட்டுப் போன அந்த வருடமே. தொட மாட்டேன் என்றவர் தொட்டிருக்கிறார். ஆத்திரத்தில் சாக்கடையில் விட்டிருப்பார். உள்ளே எங்கோ ஓர் ஆறுதல். இனி அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

"கொட்டிட்டாங்களா?" என்று கேட்டாள். அன்று அவளாக ஒருவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"கொட்டறதாவது" என்றாள் பிக்ரியா. "எங்க பெரிய மாமனார் மக கல்யாணத்துக்குன்னு வச்சது."

அந்தப் பெண் திபிலிசியில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே அவருக்குச் செய்தி வந்துவிட்டதாம். பதிவு அலுவலகத்தில் இந்த ஊர்ப் பெண் ஒருத்தி வேலை பார்த்தாள். அவர் சாயங்காலமே வீடு வீடாகப் போய்த் தானே அழைத்தாராம். மூன்று நாள் ஊரே இங்கே உட்கார்ந்து சாப்பிட்டது, ஒரு குடும்பம் பாக்கியில்லை. மேசையின் தலைப்பக்கத்தில் இரண்டு நாற்காலிகள் மட்டும் காலியாகவே இருந்தன.

"தாழி வத்திக்கிட்டே வருது, அவளுக்குன்னு ஒரு குடமாவது எடுத்து வையுங்கன்னு எல்லாரும் சொன்னாங்களாம்" என்றாள் பிக்ரியா. "இவர் கேக்கலை. 'எதுக்கு எடுத்து வைக்கணும்? இந்நேரம் கிளம்பியிருப்பா, வழியில வந்துக்கிட்டிருக்கா, ஊத்துங்க'ன்னாராம்."