அரண்மனையா, அருங்காட்சியகமா?

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும்.

ராஜாக்கள் ஆண்ட அந்தப் பழைய நகரத்தில் தையல்காரருக்கும் அவர் மனைவிக்கும் கிடைத்தது ஒரே ஒரு பிற்பகல். சாயங்காலம் கடைசி பஸ். ஒன்றைத்தான் பார்க்க முடியும். அருங்காட்சியகத்தில் ராஜாவின் அங்கியை எப்படித் தைத்திருக்கிறார்கள் என்று பார்க்க அவருக்கு ஆசை. அவளுக்கோ அரண்மனை.

"நீங்க பாக்காத துணியா? உங்களைக் கட்டிக்கிட்டு நான் கேட்டது இது ஒண்ணுதான்" என்று அவள் இழுத்த இழுப்பில் அரண்மனை வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

டிக்கெட் கிழிப்பவர் தையல்காரரை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணே, நீங்க இப்பத்தானே உள்ள போனீங்க? அக்கா பின்னால வர்றாங்கன்னு சொன்னீங்களே."

அண்ணாந்து பார்த்தால், மேல்மாடத்தில் அவரே நின்றுகொண்டிருந்தார். அதே முகம், அதே கோடு போட்ட சட்டை. முந்தின நாள் அவசரத்தில் தன் சட்டைக்குப் பாக்கெட்டை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டிருந்தார் தையல்காரர். மேலே நின்றவருக்கு அது ஒழுங்காக இடப்பக்கம் இருந்தது. அங்கே நிற்பது தானென்றால் இங்கே நிற்பது யார் என்று அவருக்குத் தலை சுற்றியது.

"அவர் சரியாத்தான் தச்சிருக்காரு" என்றாள் மனைவி.

"அது யாருடி?"

"எனக்கென்ன தெரியும்? நீங்க போய் உங்க அங்கியைப் பாருங்க. நான் அவரோட சுத்திப் பாத்துட்டு வர்றேன்."

யோசித்தால் அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. அங்கியை ஆசைதீரப் பார்த்துவிட்டு அவர் திரும்பியபோது அரண்மனையைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அக்காவைக் கூட்டிக்கிட்டு அப்பவே கிளம்பிட்டீங்களேண்ணே" என்றார் டிக்கெட் கிழிப்பவர்.

கடைசி பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் மனைவிக்காகத் துண்டு போட்டு வைத்துக் காத்திருந்தார் தையல்காரர். யாரும் வரவில்லை.

வலப்பக்கம் பாக்கெட் வைத்த அந்தத் தையல்காரருக்கு இன்றுவரை கல்யாணம் ஆகவில்லை.