பெயர் எழுதிய இரண்டு டப்பாக்கள்

காரமான மிசல் குழம்பின் மேல் எண்ணெய் செக்கச்செவேலென மிதந்தது.

செண்பகவல்லி பாவு ரொட்டியைப் பிய்த்து, அதில் நன்றாகத் தோய்த்து, வாயில் இட்டுக்கொண்டாள்.

செம்பூர் மருத்துவமனையில், தீராத அஜீரணத்திற்கான புதிய மாத்திரை ஒன்றைப் பரிசோதித்து வந்தனர். தாராவியில் இட்லி அவித்துச் சைக்கிளில் விற்கும் அவளும் அவள் கணவன் கணேசபாண்டியனும் அதில் சேர்ந்திருந்தனர். சேர்ந்தவர்களுள் பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. எவருக்கு எது என்பது மருத்துவர் மாலதிக்கே தெரியாது.

இன்று இறுதிச் சோதனை. காரமான உணவை மிச்சமின்றி உண்டு, அரை மணி நேரம் எரிச்சலின்றி அமர்ந்திருத்தல் வேண்டும். தேறியவருக்கு, அவரவர் பெயரில் இதுவரை தரப்பட்ட அதே மாத்திரை மேலும் ஓராண்டு இலவசமாகக் கிடைக்கும். தேறாதவருக்கு இன்றோடு நின்றுவிடும்.

கணேசபாண்டியன் சற்று முன்னரே தேறி, சிரித்த முகத்துடன் வெளியேறியிருந்தான்.

மூன்றாம் வாயிலேயே செண்பகவல்லியின் நெஞ்சில் தீப்பற்றியது.

முகத்தை அவள் அசைய விடவில்லை. கொதிக்கும் இட்லிக் கொப்பரையைத் திறக்கையில் ஆவி அடித்தாலும் கண் சிமிட்டாத முகம் அது.

"எரியறதா? மறைக்கப்படாது, சொல்லிட்டேன்" என்றார் மாலதி.

"எரிச்சலா? எனக்கா? இன்னொரு பாவு இருந்தாலும் குடுங்க டாக்டரம்மா."

மாலதி சிரித்துவிட்டு, உண்மையிலேயே இன்னொரு பாவு ரொட்டியை வரவழைத்தார்.

அதையும் அவள் தின்றாள். தட்டை வழித்துத் தின்றாள்.

பிறகு கைகளை மடியில் கோத்துக்கொண்டு அமர்ந்தாள். தொண்டை வரை ஏறிய புளிப்பை ஒவ்வொரு முறையும் ஓசையின்றி விழுங்கினாள். சேலைக்குள் முதுகு வியர்த்து ஒழுகியது. சுவர்க் கடிகாரத்தை மட்டும் அவள் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

அரை மணி நேரம் கழிந்தது. மாலதி அவள் கையைக் குலுக்கி, இரண்டு புதிய டப்பாக்களைக் கொடுத்தார். ஒன்றில் அவள் பெயர். மற்றதில் அவன் பெயர்.

வெளியே பெஞ்சில் கணேசபாண்டியனைக் காணவில்லை. எதையோ வாங்கச் சென்றிருக்க வேண்டும்.

செண்பகவல்லி விரைந்து அமர்ந்து, முந்தானையை மடியில் விரித்தாள். தன் பெயரிட்ட டப்பாவைத் திறந்து அதில் கவிழ்த்தாள். அவனுடைய மாத்திரைகளைத் தன் டப்பாவிலும், மடியில் கிடந்த தன்னுடையவற்றை அவன் டப்பாவிலும் இட்டு, மூடிகளை இறுகத் திருகினாள்.

பரிசோதனையில் சேர்ந்த முதல் மாதம் அவள் வயிறு குழந்தையின் வயிறுபோல் அடங்கியிருந்தது. அவனோ ஓர் இட்லியைக்கூட முழுதாக உண்ண மாட்டாமல், சைக்கிளை மிதிக்கத் தெம்பின்றித் தள்ளிக்கொண்டு திரிந்தான். அடுத்த மாதம் முதல், டப்பாக்கள் வந்த ஒவ்வொரு முறையும் அவள் இப்படித்தான் செய்து வந்தாள்.

கணேசபாண்டியன் வாய் நிறைய மென்றபடியே வந்தான்.

"ஏட்டி, பாத்தியா! ரெண்டு பேருக்குமே நெச மாத்திரையத்தான் தந்திருக்காங்க. நம்ம ராசிய என்னன்னு சொல்ல!"

கையிலிருந்த வடாபாவைப் பிட்டு, பச்சை மிளகாய் இருந்த பாதியை அவளிடம் நீட்டினான்.

அவள் வாங்கி, மிளகாயோடு சேர்த்தே கடித்தாள்.