ராஜேந்திரன் கட்டிய வலை

"என் புள்ள முறையில இந்த ராஜேந்திரன் வலை கட்றான். கேக்க ஆளில்லையா இந்தக் குப்பத்துல?"

ஊர்க் கூட்டத்தில் கோதண்டம் எழுந்து நின்று கேட்டார். ராஜேந்திரனோடு அவர் பேசிப் பல வருடம் ஆகிறது. அவன் படகு மோட்டாரில் சிக்கி இவர் வலை கிழிந்ததை இன்னும் மறக்கவில்லை.

ஏரியில் யார் எங்கே, என்றைக்கு வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். முறைக்கு வராதவன் இடத்தை இழப்பான். அடுத்தவன் முறையில் கட்டியவனுக்கு அந்த சீசன் முழுக்க ஏரி கிடையாது.

தலைவர் பெருமாள் கேட்டார். "கட்னியாப்பா?"

"கட்னேன்."

"ஏன்?"



"திருடன் இன்னா சொல்லுவான்? என் புள்ள முதுகு புடிச்சிக்கினு படுத்துக்கினு கீறான். இவனுக்குக் கொண்டாட்டம்" என்றார் கோதண்டம்.

"அப்ப இந்த சீசன் நீ ஏரியில எறங்கக் கூடாது" என்றார் பெருமாள்.

ராஜேந்திரன் தலையாட்டினான்.

வீட்டிலிருந்து எழுந்து வந்திருந்த கோதண்டத்தின் மகன் தமிழ்வாணன் கூட்டத்தின் பின்னாலிருந்து மெதுவாக நடந்து வந்தான்.

"நான்தான் ராஜேந்திரன் அண்ணனைக் கட்டச் சொன்னேன், என் இடம் போவக் கூடாதுன்னு. எனக்கு முதுகுல ஒண்ணுமில்ல. ஆபரேஷன். விந்து வர்ற குழாய்ல அடைப்பு. மெட்ராஸ்ல மைக்ராஸ்கோப்புல பாத்து, தலைமுடியைவிட மெல்லிசான நூல்ல தெச்சு வுட்டாங்க. கொஞ்ச நாளைக்கு வலை இழுக்கக் கூடாதாம். புள்ள இல்லன்னு என் பொண்டாட்டி செவ்வந்தியத்தானே எல்லாரும் பேசினீங்க? கோளாறு எனக்கு."

கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள்.

ராஜேந்திரன் அவர்கள் பக்கம் திரும்பினான். "இன்னா சிரிப்பு? எனக்கும் அதே ஆபரேஷன்தான். என் பொண்ணு பின்ன எப்பிடிப் பொறந்தா? நான்தான் இவனை அந்த டாக்டர்கிட்ட இட்டுக்கினு போனேன்."

சிரித்தவர்கள் ஏரிப் பக்கம் பார்த்தார்கள். தண்டனை கிடையாது என்றார் பெருமாள்.

கோதண்டம் விடவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். புடிச்ச இறால் எங்க? அத்த வித்துத் துன்னது இவன்தானே?"

"வித்தது செவ்வந்தி" என்றான் தமிழ்வாணன். "நல்லா கீதுன்னு நேத்து ரெண்டு வாட்டி கேட்டு வாங்கித் துன்னியே நைனா, அது யாரு புடிச்ச இறாலுன்னு நெனைச்ச?"